கோடைப் பண்பலை 100.5: அல்சூர் தையல் கடையிலிருந்து ஒரு நேயர்

தையல் தொழிலில் கண்ணும் கையும் துணியோடு போய்விடும். மிச்சம் இருப்பது காது மட்டும்தான். அதனால் ஒரு ரேடியோ ஸ்டேஷன் நல்லதா கெட்டதா என்று சொல்ல எங்களைப் போன்ற ஆட்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பெங்களூர் அல்சூரில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தேனி மாவட்டம், பெரியகுளம் பக்கம். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும்வரை கடையில் ஓடுவது கொடைக்கானல் எஃப்.எம்., அதாவது ஆகாசவாணியின் கோடைப் பண்பலை, 100.5. ஓட்டலுக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். பல வருஷமாகக் கூடவே இருக்கும் ஒரு ரேடியோவைப் பற்றியும் எழுத வேண்டும் இல்லையா?

முதலில் இது எட்டும் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் சின்ன ஊர்தான். ஆனால் கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. டவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் தரையைத் தொடும். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து கணக்குப் போட்டால், நடுவில் மலை மறைக்காத பக்கமெல்லாம் சுமார் 180 கிலோமீட்டர் வருகிறது. அதனால்தான் தேனி, திண்டுக்கல், மதுரை மட்டுமில்லாமல் கரூர், திருச்சி வரைக்கும் இது 'நம்ம ஊர் எஃப்.எம்.' ஆகிவிட்டது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த மலையைப் பார்த்துத் திரும்புவது பழகிப் போன காரியம். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடிக்கு ஏறி, ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பி, "தெரியுதா, தெரியுதா" என்று கத்திய தலைமுறை நாங்கள்.

பெங்களூருக்கு அந்த அலை வராது. நேர்கோட்டிலேயே முந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது. இங்கே செல்போன் வழியாகத்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஸ்டேஷன் எனக்குப் பிடித்துப் போனதற்கு முதல் காரணம், பெயர் சொல்வது. ஒரு பாட்டு போடுவதற்கு முன்னால் என்ன படம், யார் இசை, யார் எழுதியது, யார் பாடியது என்று அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்வார். ஆகாசவாணியின் பழைய பழக்கம் இது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நாள் முழுக்க பாட்டு கேட்கிறவனுக்கு இதுதான் பெரிய விஷயம். பெயர் சொல்லாமல் போடும் பாட்டு, காலரில் லேபிள் இல்லாத சட்டை மாதிரி. போட்டுக்கொள்ளலாம், யார் வெட்டினார், யார் தைத்தார் என்று தெரியாது. ஒரு துணியை வெட்டுகிறவர் வேறு, தைக்கிறவர் வேறு, காஜா எடுக்கிறவர் வேறு. வாங்கிப் போகிறவருக்குக் கடைப் பெயர் மட்டும்தான் தெரியும். அந்த வருத்தம் தெரிந்தவன் என்பதால், மருதகாசி என்றும் பூவை செங்குட்டுவன் என்றும் வி. குமார் என்றும் ஒரு குரல் உச்சரித்துவிட்டுப் பாட்டைப் போடும்போது மனசு நிறைகிறது. கடைக்கு வரும் நம் ஆட்களுக்குள் ஒரு வாதம் தீரவே தீராது: இந்தப் பாட்டு கண்ணதாசனா, வாலியா? எம்.ஜி.ஆர். பாட்டு என்றால் வாலி, சிவாஜி பாட்டு என்றால் கண்ணதாசன் என்று ஒரு குத்துமதிப்பு வைத்திருப்பார்கள். அது பாதி நேரம் பொய்த்துப் போகும். அறிவிப்பாளர் சொன்ன அடுத்த விநாடி வாதம் முடிந்துவிடும். தோற்றவர் பக்கத்துக் கடையில் டீ சொல்ல வேண்டும். இது எங்கள் கடைச் சட்டம்.

இரண்டாவது, பாட்டின் மேல் பேச மாட்டார்கள். பல்லவிக்கு முன்னால் வரும் இசையின் மேல் ஏறி உட்கார்ந்து கதை சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. பெயர்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். முதல் கிடாரிலிருந்து கடைசி வரி தேய்ந்து முடியும்வரை பாட்டு முழுசாக வரும். இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டில் முதல் சரணத்துக்கு முன்னால் ஒரு இசை வரும், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வேறு ஒன்று வரும். பல பாட்டில் அந்த இரண்டாவதுதான் உச்சம். வயலின்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, புல்லாங்குழலில் வந்து இறங்கும் இடத்தில் மோட்டார் பெடலில் இருக்கும் என் கால் தானாக மெதுவாகிவிடும். தையலும் அந்த இடத்தில் சீராக விழும். இங்கே ஒரு தனியார் ஸ்டேஷனில் இதே மாதிரிப் பாட்டை இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அறுத்துவிட்டு அடுக்குமாடி வீட்டு விளம்பரத்துக்குப் போனார்கள். அன்றைக்கு அந்த ஸ்டேஷனை விட்டவன்தான், திரும்பவில்லை.

தனியார்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் லைசென்ஸ் கட்டணம் கட்டி, விளம்பரத்தில் வாழ வேண்டியவர்கள். நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். இதே பெங்களூரில்தான் 2001 ஜூலை 3-ஆம் தேதி தொடங்கியது. அப்போது ஊரே அதை வைத்துக்கொண்டு அலைந்தது. டாக்சி, முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை எல்லாம் அதே சத்தம். நல்ல துடிப்பு அது. எனக்கு வேலை நேரத்துக்கு வேண்டியது வேறு, அவ்வளவுதான்.

கோடைப் பண்பலையில் எனக்கு உயிர் என்பது, நேயர்கள் போனில் பேசிப் பாட்டு கேட்கும் நேரம். நத்தத்தில் ரெடிமேட் சட்டை தைக்கும் பெண், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் பார்ப்பவர், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து பேசுகிற அண்ணன். எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன வேலை நடக்கிறது, மழை உண்டா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மேகம் கட்டிக்கிட்டே நிக்குது சார், இறங்கத்தான் மாட்டேங்குது." அப்புறம் பாட்டு யார் யாருக்கு என்ற பட்டியல். மாமியார், நாத்தனார், நாத்தனார் மகள், சம்பந்தி வீட்டார், எதிர் வீட்டு டீச்சர், பூ கட்டும் இடத்தில் கூட இருக்கிற ஆறு பேர். ஒவ்வொரு பெயராக வரும். அறிவிப்பாளர் அவசரப்படுத்துவதில்லை. "ம்", "சரிங்கம்மா", "இன்னும் யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பெயரும் கீழே விழாது. பட்டியல் முடிந்த பிறகுதான் பாட்டு. பாட்டுக்கு நான்கு பேர் பெயர், கேட்டவர்களுக்குப் பத்துப் பேர் பெயர். இந்த ஸ்டேஷனின் மரியாதை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பேச்சில் வரும் தமிழும் எனக்கு முக்கியம். பெங்களூரில் வருஷக்கணக்கில் இருந்தால் பேச்சு கலந்துவிடும். கன்னடமும் தமிழும் உருதும் இந்தியும் சேர்ந்த ஒரு அல்சூர் பாஷை வந்துவிடும். அதில் தப்பில்லை, அதில்தான் என் வியாபாரமே நடக்கிறது. ஆனால் ராஜாஜி நகரில் வேலை பார்க்கும் என் மகன் கடையில் வந்து உட்காரும்போது, "வெள்ளனே எந்திரிச்சு", "அங்கிட்டு இங்கிட்டு" என்று எங்கள் பக்கத்துப் பேச்சு ஸ்பீக்கரில் கேட்டால் எனக்கு ஒரு திருப்தி. அவன் பாட்டி பேசிய பேச்சு அது. அறிவிப்பாளர்கள் பேசுவது அதற்கு நேர் எதிர். தெளிவான, பொதுவான தமிழ், ஆனால் இறுக்கமில்லை. கத்த மாட்டார்கள். காலையில் கேட்டாலும் ராத்திரி கேட்டாலும் அதே நிதானம்.

பெரியகுளத்தில் என் அக்கா வீட்டிலும் இதே ஸ்டேஷன்தான். அங்கே ரேடியோ பெட்டியில் நேரடி அலை, இங்கே இன்டர்நெட் வழி. மத்தியானம் போன் பண்ணினால் அவர் பின்னால் ஓடும் பாட்டு எனக்குக் கேட்கும். அங்கே சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பியிருக்கும், என் கடையில் இன்னும் சரணத்தின் நடுவிலேயே நிற்கும். "உனக்கு இப்பத்தான் வருதாடா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். சர்வர் வழியாகச் சுற்றி வருவதால் அந்தத் தாமதம். அடுத்து வரும் பாட்டை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதில் அக்காவுக்குப் பெரிய சந்தோஷம்.

விவசாய நிகழ்ச்சிகளை நான் துண்டு துண்டாகத்தான் கேட்பேன். கஸ்டமர் வந்தால் அளவு எடுக்கப் போய்விடுவேன். ஆனால் செய்தியில் வைகை என்று காதில் விழுந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, மதுரைக்காரர்களுக்கு இந்த எண்கள் பள்ளிக்கூட வாய்ப்பாடு போல மனப்பாடம். முல்லைப் பெரியாறு அணை 142 அடியா, வைகை எத்தனை என்பதை வைத்துத்தான் ஊரில் நடவும் கல்யாணமும் பேசுவார்கள். தனியார் எஃப்.எம்.களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல இன்னும் அனுமதி கிடையாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. அதனால் பாட்டும் அணையும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்த மாதிரி ஸ்டேஷனில்தான்.

எங்கள் அப்பா காலத்தில் வீட்டில் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள் வந்தால் வேறு பேச்சு இருக்காது. செய்திக்கு டெல்லி. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டதும் அப்பா கடிகாரத்தைச் சரி பார்ப்பார். அந்த அம்மா 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானார். ஆகாசவாணி என்ற பெயரே இந்தக் கன்னட நாட்டில் பிறந்ததுதான். 1935-இல் மைசூரில் கோபாலசுவாமி என்ற மனோதத்துவப் பேராசிரியர் தன் வீட்டிலிருந்தே ஒரு சின்ன வானொலி நடத்தினார். அதற்கு வைத்த பெயர் அது. பெங்களூரில் உட்கார்ந்து ஆகாசவாணி கேட்கிற எனக்கு இதில் ஒரு பெருமை உண்டு.

கன்னடக்காரர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் தமிழ் ரேடியோ ஓடுகிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒருநாள் மல்லேசுவரத்திலிருந்து வரும் ஒரு அம்மா, பட்டு பிளவுஸ் ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தார். பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. கண்ணாடி முன்னால் கை தூக்கியபடியே நின்றுவிட்டார். "மாஸ்டர், இது நம்ம பி.பி.எஸ். அல்லவா? கொஞ்சம் சத்தம் வையுங்கள்" என்றார் கன்னடத்தில். ராஜ்குமாருக்குப் பல வருஷம் திரையில் பாடிய குரல் அவருடையது. அவர்களுக்கு அது ராஜ்குமார் குரல், நமக்கு ஜெமினி கணேசன் குரல். பாட்டு முடியும்வரை அந்த அம்மாவும் பேசவில்லை, நானும் ஊசியைத் தொடவில்லை. எஸ். ஜானகி, வாணி ஜெயராம், எஸ்.பி.பி. என்று யார் பெயரை அறிவிப்பாளர் சொன்னாலும் இங்கே வருகிறவர்களுக்குச் சொந்தம்தான். என்னிடம் வேலை பார்க்கும் ராய்ச்சூர் பையனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததுமே, "அண்ணா, ஜானகியம்மா" என்பான். பெயரைத் தினமும் கேட்டுக் கேட்டு வந்த அறிவு.

யாருக்கு இது ஒத்து வராது என்றும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பாட்டு இன்றைக்கே பத்துத் தடவை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. நடிகர்களை வைத்துக் கலகல பேட்டி, போனில் ஏமாற்றிச் சிரிக்க வைப்பது எல்லாம் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மெதுவான நடை இதற்கு. கார் ஓட்டும்போது வேகமான பாட்டு கேட்டுப் பழகிய இளவட்டங்கள் முதல் நாளில் பொறுமை இழப்பார்கள். பாட்டுக்கு நடுவில் பேச்சு, பேச்சுக்கு நடுவில் அறிவிப்பு என்று கலந்து வருவதால், வெறும் பாட்டு மட்டும் வேண்டும் என்பவர்கள் போனில் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு ஒரு ஆசை மட்டும் இருக்கிறது. நேயர்கள் பேசும் அந்தப் பேச்சுகளைச் சேர்த்து வைத்து, நினைத்தபோது கேட்கும்படி எங்காவது போட வேண்டும். பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நத்தத்துப் பெண் தன் வேலையைப் பற்றிப் பேசியது வேறெங்கும் கிடைக்காது. இந்தப் பக்கத்து மக்கள் என்ன வேலை செய்தார்கள், எப்படிப் பேசினார்கள், மழைக்கு எப்படிக் காத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பதிவு ஏது? அன்றன்றைய நிகழ்ச்சி நேரப் பட்டியலும் கையில் கிடைத்தால் என்னைப் போல் வெளியூரில் இருப்பவர்கள் வேலையை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். பட்டன் கட்டும் வேலையைப் பேச்சு நேரத்துக்கும், அளவு பார்த்து வெட்டும் வேலையைப் பாட்டு நேரத்துக்கும் ஒதுக்குவேன். வெட்டும்போது பேச்சு கேட்டால் கவனம் போய்விடும்.

சரி, பெங்களூரில் கேட்பது எப்படி? பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' ஆப்பைப் போனில் இறக்கி, தமிழ்நாட்டு நிலையங்களில் கொடைக்கானலைத் தேடுங்கள். காசு கிடையாது, நெட் செலவு மட்டும்தான். ஒலிபரப்பு 64 கேபிபிஎஸ் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்.பி. என்பது கணக்கு, நாள் முழுக்க ஓடினாலும் இப்போதைய ரீசார்ஜில் பெரிய பாரமில்லை. நீங்கள் பேசும் போனிலேயே போடாதீர்கள். அழைப்பு வரும்போதெல்லாம் பாட்டு நிற்கும். வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, சார்ஜரில் செருகி, புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரைத் தையல் மிஷின் மேசையில் வைக்க வேண்டாம், அதிர்வில் சத்தம் கரகரக்கும். சுவர் அலமாரியில், காது உயரத்தில் வைத்தால் குறைந்த சத்தமே போதும்.

ஊருக்குப் போகிறவர்கள் எஃப்.எம். வசதி உள்ள போன் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். புதுப் போன்கள் பலவற்றில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு எஃப்.எம். வசதியைக் கொடுங்கள் என்று அறிவுரை அனுப்ப வேண்டியதாயிற்று. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒயர் உள்ள இயர்போனும் வேண்டும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஓசூர், சேலம் வழியாக ராத்திரி பஸ்ஸில் போனால், நாமக்கல் தாண்டியதும் 100.5-ஐ வைத்துப் பாருங்கள். இரைச்சலோடு வரும். ராத்திரி ஒலிபரப்பு முடிந்துவிட்டால் ஒன்றும் கேட்காது, விடிகாலையில் திண்டுக்கல் பக்கம் வரும்போது மறுபடி போடுங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இன்னும் தெளிவாக எடுக்கும்.